பத்து நாள் கணக்கு

பெரியம்மா இடது கையால் புட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஐம்பது வருடமாக வலது கையால் குழைத்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணா வீட்டுக் குசினி, ஹீட்டர் போட்ட சூட்டுக்குள்ளும் நீளக்கைச் சுவெற்றர்.

"வலது கைக்கு என்ன பெரியம்மா?"

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. கொஞ்சம் சுளுக்கு."

கையை இழுத்து மறைக்கப் பார்த்தார். நான் விடவில்லை. சுவெற்றரை மேலே தள்ளிப் பார்த்தால், மணிக்கட்டு நீலமும் மஞ்சளுமாக வீங்கி, முள்ளுக்கரண்டியைக் கவிழ்த்து வைத்ததுபோல் வளைந்திருந்தது. சித்தாலேப மணம் மூக்கில் அடித்தது. வியாழக்கிழமை பின்னேரம் விழுந்திருக்கிறார். மூன்று நாட்கள் ஒரே வீட்டில் இருந்த அண்ணாவுக்கும் அண்ணிக்கும் தெரியாது. இரவில் நோ தாங்காமல் எழும்பி இருந்தபோதும், சத்தம் கேட்டுவிடும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு இருந்தாராம்.

எமர்ஜென்சியில் எக்ஸ்ரே எடுத்த டொக்டர், விழும்போது கையை ஊன்றினால் வரும் முறிவு இது, வயதான பெண்களில் தினமும் பார்க்கிறோம் என்றார். ஆறு கிழமை பிளாஸ்ரர். பெரியம்மாவுக்கு வயது எழுபத்தொன்று.

நடந்தது இதுதான். தமிழ்க் கடையில் முருங்கைக்காயும் கீரையும் வாங்கிக்கொண்டு நடந்து வந்திருக்கிறார். வழியில் ஒரு பெரிய மேப்பிள் மரம். அதனடியில் நடைபாதையின் ஒரு கொங்கிரீட் சதுரம் பக்கத்துச் சதுரத்தைவிட மேலே எழும்பி நிற்கும். ஐப்பசி கடைசி, இலை கொட்டி அந்த விளிம்பை மூடியிருந்தது. கால் தட்டி முன்னால் விழுந்துவிட்டார். அந்தப் பக்கம் வந்த ஒரு சீனத்து அம்மாதான் தூக்கிவிட்டிருக்கிறார். பெரியம்மா சிதறின முருங்கைக்காயைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, அன்றிரவு அதில் குழம்பும் வைத்தார். முறிந்த கையோடு.

ஏன் சொல்லவில்லை என்று அண்ணி அழுதுகொண்டு கேட்டா. "நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போற ஆக்கள். லீவு போடச் சொல்லுறதே? விழுந்தது என்ர கவனக்குறைவு. நிலத்தைப் பார்த்து நடந்திருக்க வேணும்."

அந்தக் கடைசி வசனத்தை நான் பிறகு பல தடவை யோசித்தேன். எங்கள் ஆட்கள் விழுந்தால் முதலில் வருவது வெட்கம். அடுத்தது பயம்: இனித் தனியாக வெளியே விடமாட்டார்கள், பஸ் பாஸை வாங்கி வைத்துவிடுவார்கள், கோயிலுக்குப் போகவும் ஒருவரைக் காத்திருக்க வேண்டும். ஆகவே விழுந்ததை மறைக்கிறார்கள். அந்தச் சதுரத்தை எழும்ப விட்டது யார் என்ற கேள்வி அவர்கள் வாய்க்கு வருவதே இல்லை.

எங்கள் வாய்க்கும் வரவில்லை. பிளாஸ்ரர், மருந்து, குளிக்க வார்க்க ஆள் என்று நாட்கள் ஓடின. பதினெட்டாவது நாள் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண், அவளுடைய அம்மாவும் முன்பு இப்படி விழுந்தவராம், என்னிடம் கேட்டாள்: "சிற்றிக்கு எழுதிப் போட்டீங்களா? பத்து நாள்தானே?"

பத்து நாள் என்றால் என்ன என்று அன்றிரவுதான் உட்கார்ந்து வாசித்தேன். நான் சட்டத்தரணி இல்லை. ஆனால் ஒன்ராறியோவில் நடந்து திரியும் ஒவ்வொரு தமிழருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் வாசித்ததை எழுதுகிறேன்.

ஒன்ராறியோவின் நகராட்சிச் சட்டம் 2001இல் வந்தது. அதன் 44ஆம் பிரிவு, தெருக்களை நியாயமான அளவுக்குத் திருத்தமாக வைத்திருப்பது நகராட்சியின் கடமை என்கிறது. நடைபாதையும் தெருவின் பகுதிதான். அந்தக் கடமையில் தவறி ஒருவர் காயப்பட்டால் நகராட்சி நட்டஈட்டுக்குப் பொறுப்பு. ரொறன்ரோவுக்குத் தனியாக 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு; அதன் 42ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது.

இவ்வளவும் நல்லது. அதே பிரிவில் கொஞ்சம் கீழே போனால் இன்னொன்று இருக்கிறது. காயப்பட்ட பத்து நாட்களுக்குள், எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன காயம் என்பதை எழுத்தில் நகராட்சியின் கிளார்க்குக்கு நேரே கொடுக்கவோ பதிவுத் தபாலில் அனுப்பவோ வேண்டும். அது செய்யாவிட்டால் வழக்கு வைக்க முடியாது. வழக்கு வைப்பதற்கான பொதுவான காலக்கெடு இரண்டு வருடம். ஆனால் அந்த இரண்டு வருட வாசலுக்கு முன்னால் பத்து நாள் வாசல் ஒன்று நிற்கிறது. முதல் வாசல் மூடினால் இரண்டாவதற்குப் போக வழியில்லை.

ஏன் பத்து நாள்? நகராட்சி வந்து இடத்தைப் பார்க்க வேண்டும், ஸ்னோவும் ஐஸும் கரைந்துவிடும், சாட்சிகள் மறந்துவிடுவார்கள் என்பது நியாயம். ஐஸுக்கு அது சரி. எழும்பி நிற்கும் கொங்கிரீட் எங்கே கரைகிறது? இரண்டுக்கும் ஒரே பத்து நாளை வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. எழுபது வயதில் கை முறிந்த ஒருவருக்கு முதல் பத்து நாளும் வலியிலும் ஆஸ்பத்திரியிலும் போகும். அந்த நேரத்தில் தனக்குத் தெரியாத ஒரு சட்டத்தின்படி, தனக்குச் சரளமில்லாத மொழியில், யாரென்று தெரியாத ஓர் அதிகாரிக்குக் கடிதம் எழுதச் சொல்வது எப்படிச் சரியாகும்?

சரி, அந்தக் கொங்கிரீட்டுக்கு வருகிறேன். நடைபாதையை ஒரே நீட்டாக ஊற்றுவதில்லை. சூட்டுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்கும் என்பதால் சதுரம் சதுரமாக, இடையில் பிரிவு விட்டு ஊற்றுகிறார்கள். அந்தப் பிரிவால் தண்ணீர் கீழே இறங்கும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பருமன் கூடும். மார்கழியிலிருந்து பங்குனி வரை உறைவதும் இளகுவதுமாக மண் மேலும் கீழும் போக, சதுரங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மட்டத்தில் வந்து நிற்கும். மேப்பிள் வேர் இருந்தால் அது வேறு. கொங்கிரீட்டுக்குக் கீழே ஈரம் நிற்பதால் வேர் அங்கேதான் தேடிப் போகும். வருடத்துக்கு வருடம் தடித்துச் சதுரத்தைத் தூக்கும்.

இதற்கு ஓர் அளவு உண்டு. நகராட்சிகளின் பராமரிப்புக்கான குறைந்தபட்சத் தரங்களைச் சொல்லும் ஒழுங்குவிதி, இலக்கம் 239/02. நடைபாதைகளை வருடத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும், இரண்டு பார்வைகளுக்கு இடையில் 16 மாதத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரு சதுரத்துக்கும் அடுத்ததற்கும் மட்ட வித்தியாசம் 2 சென்ரிமீற்றரைத் தாண்டினால், அது நகராட்சிக்குத் தெரியவந்ததிலிருந்து 14 நாட்களுக்குள் ஏதாவது செய்ய வேண்டும். 'ஏதாவது' என்றால் உடைத்துத் திரும்ப ஊற்றுவதுதான் என்றில்லை. விளிம்பைத் தேய்த்துச் சரிவாக்கலாம், தாரால் சாய்வு போடலாம், நடப்பவரின் கண்ணில் படும்படி எச்சரிக்கை அடையாளம் இடலாம். விளிம்புகளில் நீங்கள் காணும் செம்மஞ்சள் பெயின்ற் கோடு அதற்காகத்தான்.

இந்தத் தரங்களைக் கடைப்பிடித்தோம் என்று நகராட்சி காட்டினால் அது தப்பிக்கொள்ளும். தெரியாது, தெரிந்திருக்கவும் நியாயமில்லை என்று நிறுவினாலும் தப்பிக்கொள்ளும். ஆகவே மேடு இருந்தது என்பது மட்டும் போதாது. எவ்வளவு மேடு, அது அவர்களுக்கு எப்போது தெரியும் என்பதில்தான் வழக்கு நிற்கிறது.

பத்தொன்பதாவது நாள் நானும் அண்ணாவும் அந்த இடத்துக்குப் போனோம். காலால் இலையைத் தள்ளி ஸ்கேலை வைத்தேன். மூன்றரை சென்ரிமீற்றர். ஸ்கேல் இல்லாதவர்களுக்கு ஒரு வழி: இங்கத்தைய 25 சதக் குற்றியின் விட்டம் 2.4 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அதை விளிம்போடு நிமிர்த்தி வையுங்கள். குற்றியின் தலை மேல் சதுரத்துக்கு மேலே தெரியாவிட்டால் 2 சென்ரிமீற்றர் தாண்டிவிட்டது என்று அர்த்தம். குற்றியோடு சேர்த்துப் படம் எடுங்கள். கிட்ட ஒன்று, தூர நின்று மரமும் வீட்டு இலக்கமும் தெரிய ஒன்று. நான் இருபது படம் எடுத்தேன். அன்றே கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் போட்டோம்.

ஒரு மாதத்தால் பதில் வந்தது. மரியாதையான கடிதம். உங்கள் தாயாரின் காயத்துக்காக வருந்துகிறோம், சட்டம் வகுத்த பத்து நாட்களுக்குள் அறிவித்தல் கிடைக்கவில்லை, ஆகவே கோரிக்கையை ஏற்பதற்கில்லை. எந்த நகராட்சி என்று இங்கே எழுதவில்லை. எந்த நகராட்சி என்றாலும் இதே கடிதம்தான் வந்திருக்கும்.

எனக்கு ஆத்திரம். தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி 5 டொலர் கட்டி விண்ணப்பித்து, அந்தத் தெருவின் நடைபாதைப் பரிசோதனைப் பதிவுகளைக் கேட்டேன். வந்த தாள்களில் ஆனி மாதத்துப் பரிசோதனையில் அந்தச் சதுரம் இருந்தது. வீட்டு இலக்கத்தோடு, உயரத்தோடு. பெரியம்மா விழுந்தது ஐப்பசி கடைசியில். தெரிந்து நாலு மாதம் அப்படியே கிடந்திருக்கிறது. தாளை மேசையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். "நிலத்தைப் பார்த்து நடந்திருக்க வேணும்" என்று பெரியம்மா தன்னைத்தானே பேசிக்கொண்ட குற்றத்துக்கு, வேறு ஒருவரின் கையெழுத்து அந்தத் தாளில் இருந்தது.

சட்டத்தரணியிடம் போனோம். பத்து நாள் தாண்டினாலும் கதவு முழுவதும் பூட்டப்படவில்லை என்றார். பிந்தியதற்கு நியாயமான காரணம் இருந்து, பிந்தியதால் நகராட்சியின் எதிர்வாதத்துக்குப் பாதிப்பும் இல்லை என்று நீதிபதி கண்டால் வழக்கு நடக்கலாம். இறந்தவர்கள் விடயத்தில் அறிவித்தல் இல்லாதது தடையே அல்ல. ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் 'நியாயமான காரணம்' என்பதற்கு அதன் சாதாரண அர்த்தத்தையே கொள்ள வேண்டும், எல்லாச் சூழ்நிலைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. அதே நீதிமன்றம் 2013இல் இன்னொரு வழக்கில், சட்டம் தெரியாது என்பது மட்டும் காரணமாகாது என்றும் சொன்னது. எங்கள் விடயத்தில் படம் இருக்கிறது, பரிசோதனைப் பதிவு இருக்கிறது, சதுரமும் அங்கேயே கிடக்கிறது; ஆகவே பாதிப்பு இல்லை என்று வாதாடலாம். காரணம் என்ன என்பதுதான் கேள்வி.

"அம்மா ஏன் மூன்று நாள் சொல்லவில்லை, நீங்கள் ஏன் அதற்குப் பிறகும் எழுதவில்லை என்று அவரைச் சத்தியம் செய்ய வைத்துக் கேட்பார்கள். அவர் பதில் சொல்ல வேண்டி வரும்" என்றார் சட்டத்தரணி.

பெரியம்மாவிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்நிய ஆக்களுக்கு முன்னால போய், என்ர பிள்ளையளுக்குப் பாரமாயிருப்பன் எண்டு பயந்து ஒளிச்சனான் எண்டு சொல்லுறதோ? என்னாலை ஏலாது மோனை."

சட்டம் கேட்ட காரணம் அவரிடம் இருந்தது. அதைச் சொல்லத்தான் அவரால் முடியவில்லை. வழக்கு அதோடு முடிந்தது. நான் வற்புறுத்தவில்லை.

இனிக் குளிர்காலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கதையைச் சொன்னபோது எல்லோரும் ஐஸைப் பற்றித்தான் கேட்டார்கள். நடைபாதையில் ஸ்னோவிலோ ஐஸிலோ வழுக்கி விழுந்தால் சட்டம் இன்னும் இறுக்கம். சாதாரண கவனயீனம் போதாது; பாரதூரமான கவனயீனம் என்று காட்ட வேண்டும். இது பழைய கோடு. கிங்ஸ்ரன் நகர வழக்கொன்றில் கனடிய உச்ச நீதிமன்றம் 1897இலேயே இதை 'மிகப் பெரிய கவனயீனம்' என்று விளக்கிவிட்டது. 1927இல் ரொறன்ரோ வழக்கொன்றிலும் அதையே பின்பற்றியது. ஒரு நாள் சோல்ற் போடாதது பொதுவாக அந்த அளவுக்கு வராது. ஆட்கள் நிறைய நடக்கும் இடம், பல நாளாகக் கட்டிக் கிடந்த ஐஸ், முறைப்பாடு போயும் ஒன்றும் செய்யவில்லை என்றால் வரலாம்.

2021இல் வந்த ஒரு தீர்ப்பை மட்டும் இங்கே சொல்ல விரும்புகிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் நெல்சன் என்ற சிறிய நகரம். 2015 தை மாதம் பெரிய ஸ்னோ. நகரசபை தெருவைத் தள்ளித் துப்புரவாக்கி, தள்ளிய ஸ்னோவை நடைபாதை ஓரமாக நீளத்துக்கு அணைபோல் குவித்துவிட்டது. கார் நிறுத்த இடம் உண்டு, காரிலிருந்து இறங்கி நடைபாதைக்கு ஏற வழி இல்லை. அந்தக் குவியலைக் கடக்கப் போன ஒரு பெண்ணின் கால் உள்ளே புதைந்து பாரதூரமாகக் காயப்பட்டது. ஸ்னோவை எப்படித் தள்ளுவது என்பது எங்கள் கொள்கை முடிவு, அதை நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாது என்றது நகரசபை. உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. பணத்தை எதற்கு ஒதுக்குவது என்பதுபோன்ற உயர்மட்ட முடிவுகளுக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. ஆட்கள் இறங்கி நடக்க வழி விடாமல் குவித்தது நாளாந்த வேலையில் நடந்த செயல். அதற்குக் கவனக் கடமை உண்டு. காசில்லை, ஆளில்லை என்று எதையும் 'கொள்கை' என்ற போர்வையால் மூட முடியாது என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல்.

வீடு வைத்திருக்கும் உறவினர்களின் கேள்வி வேறு: "எங்கட வீட்டுக்கு முன்னால ஆரும் விழுந்தால் எங்கட தலையிலயோ?" பொதுவாக இல்லை. வீட்டுக்கு முன்னாலிருக்கும் பொது நடைபாதை வீட்டுக்காரரின் பொறுப்பல்ல, ஸ்னோ தள்ளும்படி நகரச் சட்டம் சொன்னாலும்கூட, என்று ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் தீர்த்தது. தள்ளாவிட்டால் தண்டப்பணம் வரலாம், நட்டஈடு வராது. ஆனால் உங்கள் கூரைப் பீலிக் குழாயின் தண்ணீர் நடைபாதைக்கு ஓடி உறைந்து அதில் ஒருவர் விழுந்தால் கதை மாறும். அந்த ஆபத்து உங்கள் காணியிலிருந்து போனது. இந்த வாரமே பீலி எந்தப் பக்கம் வடிகிறது என்று போய்ப் பாருங்கள்.

கடைத்தொகுதி வாகனத் தரிப்பிடம், அப்பார்ட்மென்ற் வாசல் எல்லாம் தனியார் இடம். அங்கே ஐஸில் விழுந்தால், 2021 தை 29இல் நடைமுறைக்கு வந்த விதிப்படி, விழுந்த 60 நாட்களுக்குள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். நடைபாதைக்கும் தரிப்பிடத்துக்கும் நடுவில் விழுந்தவர்கள் எந்தப் பக்கம் என்று தெரியாமல் குழம்பாமல், பத்து நாளுக்குள் இரண்டு பக்கத்துக்கும் எழுதிவிடுவது நல்லது.

லண்டனில் இருக்கும் மச்சான் இதைக் கேட்டுத் திகைத்தான். அங்கே 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு பராமரிக்கும் கடமையைச் சொல்கிறது, 58ஆம் பிரிவு நியாயமான கவனம் எடுத்தோம் என்று சபை நிறுவலாம் என்கிறது; வழக்குக்கு மூன்று வருடம், பத்து நாள் வாசல் கிடையாது. அப்படியும் ஒரு நாடு நடக்கிறது.

அந்த அறிவித்தல் கடிதம் வழக்கு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடிதம் போட்டால் கோட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்றில்லை. சட்டத்தரணி தேவையில்லை. பிள்ளையோ பேரனோ எழுதலாம். நாலு வரி போதும். இமிகிரேஷன் பிரச்சினை வருமோ, பென்சனை வெட்டுவார்களோ என்று பெரியம்மா கேட்டார்; இரண்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்கும் எவரையும் பார்த்து நான் சிரிக்கமாட்டேன். அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதினால் என்ன நடக்கும் என்பதை வேறொரு நாட்டில் படித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள்.

எங்கள் கடிதத்துக்குப் பிறகு அந்தச் சதுரத்தின் விளிம்பைத் தேய்த்துவிட்டார்கள். வெள்ளையாக ஒரு சாய்வு தெரிகிறது. பெரியம்மா அந்தப் பக்கம் போவதில்லை. பிளாஸ்ரர் கழற்றி நாளாகியும் வலது கையால் தேங்காய் துருவ முடியவில்லை. கடைக்கு அண்ணி போகிறா.

போன மாதம் வேலையில் இருக்கும்போது தொலைபேசி வந்தது. பெரியம்மா. வேலை நேரத்தில் ஒருநாளும் எடுக்காதவர் எடுத்ததால் பயந்துபோனேன்.

"பிள்ளை, எங்கட கோயில் பஜனைக்கு வாற அக்கா ஒராள், பஸ் தரிப்பிடத்துக்குப் பக்கத்தில விழுந்து முழங்கால் வீங்கிப்போச்சாம். மகனுக்குச் சொல்லேல்லை. எனக்குத்தான் சொன்னவ. நான் மகனுக்கு அடிச்சுச் சொல்லிப்போட்டன், கோபிச்சாலும் பரவாயில்லை. விழுந்தது செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூண்டரை மணி. இண்டைக்கு நாலாம் நாள். கடிதத்தில என்னென்ன எழுத வேணும், சொல்லு, நான் எழுதிக்கொள்ளுறன்."

இடது கையில் பேனையை எடுத்த சத்தம் கேட்டது.